ரவி வீட்டு முதிரைக் கதவுகள்

போன பொங்கலுக்கு முன்பு, நான் வேலை பார்த்த கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தார். எனக்குப் பிறகு என்னுடைய பதவிக்கு வந்தவர்.

"ஐயா, பொங்கலுக்கு எல்லாரும் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கினம். பூனையை என்ன செய்யிறது, நாயை எங்க விடுறது எண்டு ஒரே கேள்வி. நீங்கள் கொஞ்சம் எழுதித் தாங்கோவன், குறூப்பில போட்டுவிடுறன்."

எழுதிக் கொடுத்தேன். பெயின்ற் அடிக்கிற அறையில் பிராணிகளை விடக்கூடாது. மணம் முழுதாகப் போகும்வரை கிளிக்கூட்டை வேறு வீட்டில் வைப்பது நல்லது. உடம்பில் பெயின்ற் பட்டால் தின்னரால் துடைக்கக்கூடாது. பழைய பெயின்றைச் சுரண்டும்போது வீட்டுக்குள் பிராணியும் இருக்கக்கூடாது, குழந்தையும் இருக்கக்கூடாது. அரைப் பக்கம்கூட வரவில்லை. "வடிவாயிருக்கு ஐயா" என்று பதில் வந்தது.

கடைசி வரியை எழுதியபோது கை கொஞ்சம் நின்றது. அந்த வரி எனக்கு எப்படித் தெரியும் என்பதை அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் மாட்டுக்காரன். மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. படித்து, இரண்டு வருடம் பயிற்சி எடுத்து, கால்நடைப் போதனாசிரியர் ஆனேன். சினைப்படுத்தும் ஊசி, கோமாரிக்குத் தடுப்பூசி, கோழிக்குக் கண்ணில் விடும் சொட்டு. முப்பது வருடத்துக்கு மேல் இதுதான் வேலை. சனம் என்னை "மாட்டு டொக்டர்" என்றுதான் கூப்பிடும். நான் டொக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் போயிற்று.

நாய் என்றால் அந்தக் காலத்தில் எங்களுக்கு விசர் என்கிற வெறிநோய்க்குத் தடுப்பூசி மட்டும்தான். வீட்டுக்குள் நாய் வளர்ப்பது, பூனையைச் சோபாவில் படுக்க வைப்பது எல்லாம் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, தகரக் கொட்டில்கள் கல்வீடுகளாக மாறி, தரைக்கு மாபிள் போட்ட பிறகு வந்தவை. நடந்ததை உள்ளபடி சொல்வதென்றால் இதையும் சொல்லவேண்டும்: அப்படி வளர்ப்பவர்களை நான் மனதுக்குள் இளக்காரமாகத்தான் பார்த்தேன். பால் தராது, முட்டை போடாது, வாசலில் காவலும் இல்லை. இதற்கு ஒரு வைத்தியமா?

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வைத்தியராக வந்தவர் மேகலா மிஸ். திருகோணமலைப் பிள்ளை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சத்தமாகப் பேசமாட்டார், அவசரப்படமாட்டார். ஒருவர் சுகமில்லாத மாட்டைக் கொண்டுவந்து கட்டினால், மிஸ் முதலில் மாட்டைத் தொடமாட்டார். ஒரு கொப்பியைத் திறந்து வைத்து உரிமையாளரை இருத்திக் கேள்வி கேட்பார். எப்போது தொடங்கியது? என்ன தின்றது? வேறு எது தின்னவில்லை? வீட்டில் வேறு ஆருக்கும் சுகமில்லையா? கடைசியாக எல்லாரிடமும் ஒரே கேள்வி: "இந்த மூண்டு கிழமைக்குள்ள வீட்டில என்ன மாறினது?"

"ஒண்டும் மாறேல்லை" என்று சொன்னால் விடமாட்டார். புது வேலி போட்டீங்களோ? கிணறு இறைச்சீங்களோ? ஆரும் விருந்தினர் வந்து நிண்டவையோ? வெளியில் பத்து மாடு நிற்கும். நான் கையில் கயிற்றை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

ஒருநாள் பளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் பூனையைக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். யன்னலுக்கு அடிக்க வைத்திருந்த பச்சை பெயின்ற் வாளிக்குள் பூனை விழுந்துவிட்டது. வயிறும் நாலு காலும் பச்சை. தம்பியார் துணியில் தின்னர் நனைத்துப் பாதியைத் துடைத்துவிட்டார். துடைத்த இடமெல்லாம் தோல் சிவந்து, பூனை வாயால் வீணீர் வடித்துக்கொண்டிருந்தது.

"பாதி போயிட்டுது. மிச்சத்தையும் துடைச்சா சரி" என்று நான் தின்னர்ப் போத்தலைத் தேடினேன்.

"அண்ணை, அதை வையுங்கோ" என்றார் மிஸ். "தின்னர் தோலுக்கால உள்ளுக்குப் போகும். மிச்சத்தைத் தன்ர நாக்கால நக்கி எடுக்கும். பெயின்றைவிடத் தின்னர்தான் இதைக் கொல்லும்."

பிறகு அவர் செய்ததை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். முதலில் பூனையை ஒரு துவாயால் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டார், நக்காமல் இருப்பதற்கு. பழைய எக்ஸ்ரேப் படம் ஒன்றை வட்டமாக வெட்டிக் கழுத்தைச் சுற்றி ஒட்டினார். காய்ந்து கட்டியான மயிரைக் கத்தரிக்கோலால் வெட்டினார். கத்தரிக்கோலுக்கும் தோலுக்கும் நடுவே எப்போதும் தன் விரலை வைத்துத்தான் வெட்டினார். ஈரமாக இருந்த பெயின்றில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை இளஞ்சூட்டு நீரில் கரைத்து மூன்று தரம் கழுவினார். ஒன்றரை மணித்தியாலம். பூனை பிழைத்தது, பாதி மொட்டையாக. அந்த ஆசிரியை மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு பூனைக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று நான் மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

ரவியின் நாய் சங்கதி அதற்கு அடுத்த மாரியில் நடந்தது.

ரவி பரந்தனில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். மனைவி வதனி வீட்டில் தையல் வேலை. வதனிக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோன பிறகு, கனடாவுக்குப் போன தமக்கை தன் சிறிய வெள்ளைப் பொமரேனியன் நாயைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதன் பெயர் டைனி. அதற்குப் பிறகு கவின் பிறந்தான். டைனி படலையைத் தாண்டி வெளியே போனதில்லை. கவினின் பாயிலேதான் படுக்கும்.

அவர்களுக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்திருந்தது. சுவரும் கூரையும் முடிந்து கதவுக்கும் யன்னலுக்கும் காசு போதவில்லை. வவுனியாவில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரவி லொறி பிடித்துப் போய் நாலு கதவும் ஆறு யன்னலும் வாங்கி வந்தார். எல்லாம் முதிரை. அந்த மரத்தை இப்போது தேடினாலும் கிடைக்காது. ஆனால் அதன்மேல் பல காலத்துப் பெயின்ற் படை படையாக இருந்தது. தையில் குடிபூரல், புதுவீடு புகும் நாள். வெளியே மழை. அதனால் ரவி கதவுகளை ஹோலுக்குள் கிடத்தி, காஸ் நெருப்பால் சுட்டு, தகட்டால் சுரண்டி, அரத்தாளால் தேய்த்தார். கடை பூட்டி வந்த பின் ஒவ்வொரு பின்னேரமும் அதே வேலை. பழைய கொட்டில் மழைக்கு ஒழுகியதால் டைனியும் கவினும் இருந்தது அந்த ஹோலில்தான்.

இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

மேகலா மிஸ் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். இரண்டு கிழமை அலுவலகம் என் பொறுப்பில். முதல் நாள் காலையே ரவி மோட்டார் சைக்கிளில் ஓடி வந்தார்.

"ஐயா, ஒருக்கா வாங்கோ. டைனிக்கு என்னவோ. வதனியைக் கடிச்சுப்போட்டுது."

நான் போனபோது முற்றத்தில் இருபது பேர் நின்றார்கள். நாயை ஒரு கோழிக்கூட்டுக்குள் தள்ளி மூடியிருந்தார்கள். அது வட்டமாக ஓடியது, கம்பியில் முட்டியது, காற்றைக் கடித்தது. வாயில் நுரை. திடீரென்று அலறிவிட்டுச் சரிந்து வலிப்பில் துடித்தது. எழுந்து மறுபடியும் ஓடியது. கண் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை.

தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். போன வருடம் போட்டது. காலம் கடந்து மூன்று மாதம். வதனியின் கையில் இரண்டு பல்லுத் தடம்.

"விசர்தான். பாத்தாலே தெரியுது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இதை வைச்சிருக்க ஏலாது. எங்கட பிள்ளையளும் இருக்கு."

வாசலில் வதனி கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்கு ஒன்றரை வயது இருக்கும். முகம் வெளிறிப்போய் இருந்தது. "ஐயா, இவனும் ரெண்டு கிழமையாச் சாப்பிடுறானில்லை. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு அழுறான்" என்றார்.

"பல்லு முளைக்கிற காலம், பிள்ளை" என்றேன். நான் மாட்டு டொக்டர்.

என் செருப்புக்கடியில் என்னவோ நொறுங்கியது. குனிந்து பார்த்தேன். பச்சையும் வெள்ளையும் மண்நிறமுமாகச் சின்னச் சின்னச் சிதறல்கள், முட்டைக்கோது மாதிரி. ஹோலுக்குள் சாய்த்து வைத்திருந்த கதவும் தெரிந்தது. பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பத்து நாள் கட்டி வைச்சுப் பாக்கலாமே அண்ணை. விசரெண்டால் அதுக்குள்ள தெரிஞ்சிடும்."

"சனம் விடாது, மிஸ். பிள்ளை இருக்கிற வீடு."

"வீட்டில என்ன மாறினது? கேட்டீங்களோ?"

"ஒண்டும் மாறேல்லை, மிஸ்" என்றேன்.

நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவுமில்லை. இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்க, என்னைவிட இளைய ஒருவர் கேட்கச் சொன்ன கேள்வியைப் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மிஸ் என் சொல்லை நம்பி எடுத்துக்கொண்டார். "சரி. நீங்கள் பாத்துச் சொல்லுறீங்கள். பக்கத்து அலுவலக டொக்டரிட்டச் சொல்லுறன், வந்து ஊசி போட்டு முடிப்பார். தலையைச் சோதனைக்கு ஐஸ் போட்டு அனுப்புங்கோ. வதனியை இண்டைக்கே ஊசிக்கு அனுப்புங்கோ."

அந்த டொக்டர் மத்தியானம் வந்தார். மிஸ் சொன்னதை நம்பி வந்தவர். மிஸ் என்னை நம்பியிருந்தார். வதனியை உள்ளே போகச் சொல்லி, வாசலுக்கு மறைப்பாக வைத்திருந்த தகரக் கதவைச் சாத்தினேன். கையுறை போட்டு, கூட்டின் கம்பிக்கூடாகச் சுருக்குக் கயிற்றை விட்டு நாயைப் பிடித்தது நான். முதலில் மயக்க ஊசி, பிறகு மற்றது. தலையைப் பொலித்தீனில் சுற்றி, குளிர் போகாத றெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பிக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு நன்றி சொன்னார்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. விசர் இல்லை.

அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கோப்புக்குள் வைத்தேன். வதனி ஊசி போடுவதால் ஒரு கெடுதியும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிஸ் வந்தபிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். விசர் இல்லையென்றால் வேறு என்ன என்ற கேள்வி அடிக்கடி எழும்பியது. அதை அமத்தி வைத்தேன். ஒரு தரம் பரந்தன் சந்தியால் போகும்போது ரவியின் கடையைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மிஸ் திரும்பி வந்த அன்று காலையிலேயே கோப்பைத் திறந்தார்.

"இது எப்ப வந்தது?"

"வந்து ஒன்பது நாள், மிஸ்."

அவர் என்னை ஏசவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினார். நானும் ஏறினேன். போகும் வழியில் ஒரே ஒரு கேள்வி: "படலையைத் தாண்டாத நாய்க்கு விசர் எங்கையிருந்து வரும், அண்ணை?"

ரவியின் வீட்டில் கதவுகளை நிலைகளில் மாட்டியாகிவிட்டது. புதுப் பெயின்றில் பளபளத்தன. ஹோலில் இரண்டு யன்னல் மட்டும் மிச்சம். பாதி சுரண்டியபடி கிடந்தன. டைனி போன பின்பும் ரவி வேலையை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவேண்டும்? நிறுத்தச் சொல்லி ஆரும் சொல்லவில்லை. அந்த யன்னலுக்குப் பக்கத்தில் கவின் இருந்தான். தரையைத் தடவி விரலை வாயில் வைத்தான்.

மிஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு போய் முழங்காலிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து வாயிலிருந்து மெல்ல எடுத்தார்.

"அக்கா, இவன் சாப்பிடுறானோ?"

"இல்லை, மிஸ். வெளிக்குப் போறதும் கஷ்டம். பொழுதுக்கும் சிணுங்கிறான். நடந்தவன் இப்ப நடக்கவும் பஞ்சிப்படுறான்."

"இந்தக் கதவெல்லாம் எங்க வைச்சுச் சுரண்டினீங்கள்?"

"இஞ்சதான். வெளியில மழையெல்லே" என்றார் ரவி.

"பழைய பெயின்றில ஈயம் இருக்கும், அண்ணை. சுட்டா புகையில வரும், தேய்ச்சாத் தூசியில வரும். நாய் காலை நக்கும். பிள்ளை விரலைச் சூப்பும்." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "டைனிக்கு விசர் இல்லை. ஈயம். இவனை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். நானும் வாறன்."

ஒரு போத்தலில் அந்தச் சிதறல்களை அள்ளி மூடினார். தன் கொப்பித் தாளைக் கிழித்துக் கடிதம் எழுதினார். மிருக வைத்தியர் எழுதிய கடிதத்தை ஆஸ்பத்திரியில் முதலில் ஒருவர் சிரித்துக்கொண்டுதான் வாசித்தார். மிஸ் அசையாமல் அங்கேயே நின்றார். இரத்தம் எடுக்கும்வரை நின்றார்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து கொழும்பு. இரத்தத்தில் ஈயம் இருந்தது, நிறைய. மருந்து ஏற்றினார்கள். குடிபூரல் நடக்கவில்லை. கவின் பிழைத்தான். ஆனால் நாலு வயதுவரை அவனுக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்துகள் அவனுக்குப் பிடிபடுவதில்லை. இன்றும் சிரமப்பட்டுத்தான் வாசிக்கிறான். ஆரம்பக் கிழமைகளில் போனது எவ்வளவு, அந்த ஒன்பது நாளில் போனது எவ்வளவு என்று ஒரு வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படிப் பிரிக்க முடியாதது எனக்குச் சாதகம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மிஸ் கேட்டார்: "நான் போனில கேட்டப்ப, நீங்கள் அவையிட்டக் கேட்டுப்போட்டோ சொன்னீங்கள்?"

"இல்லை, மிஸ்."

அவர் தலையை ஆட்டினார். மேலிடத்துக்கு எழுதவில்லை. ஆரிடமும் சொல்லவுமில்லை. ஆனால் அன்று தொடக்கம், நான் ஒரு உரிமையாளரிடம் விபரம் கேட்டு எழுதிக் கொடுத்தால், அவர் அந்தத் தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு அதே கேள்விகளைத் தானே திரும்பவும் கேட்பார். மரியாதையாக, என் முன்னாலேயே. ஆறு வருடம், அவர் மாற்றலாகிப் போகும்வரை. எனக்கு வேறு தண்டனை யாரும் தரவில்லை.

ரவிக்கும் வதனிக்கும் கடிதம் வந்த நாளும் தெரியாது, நான் போனில் சொன்ன பொய்யும் தெரியாது. ஓய்வு பெற்று இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன். ரவி கதிரை எடுத்துப் போட்டார். வதனி தையல் மெசினை விட்டு எழும்பி வந்தார். இரண்டு பேருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

ரவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுரண்டினது என்ர கைதானே, ஐயா" என்றார்.

வதனி என் பக்கம் திரும்பினார். கவினைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அண்டைக்கு என்னை உள்ளுக்க விட்டுக் கதவைச் சாத்தினீங்கள். நான் உள்ளுக்க நிண்டு டைனியைக் கூப்பிட்டனான். கேட்டதோ அவனுக்கு?"

"கேட்டது, பிள்ளை" என்றேன். "கண் தெரியாட்டிலும் உங்கட சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினவன். ஊசி போட்டு முடியுமட்டும் அந்தப் பக்கம்தான் பாத்துக்கொண்டு கிடந்தவன்."

வதனி எழுந்து குசினிக்குள் போனார். தேத்தண்ணி போடப் போகிறார் என்று இருந்தேன். அடுப்புச் சத்தம் கேட்கவில்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை. ரவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஐயா, அவா இனி வெளியில வரமாட்டா. நீங்கள் போயிட்டு வாங்கோ."

போயிட்டு வாங்கோ என்றுதான் சொன்னார். நான் இன்னும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.